போர்க் கட்டளை அமைப்புகளைச் சிமுலேஷனோடு இணைக்கும் மென்பொருள் ஏஜென்ட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டையும் எதற்காக இணைக்க வேண்டும்?

ஒரு பிரிகேட் தலைமையகத்துக்குப் பயிற்சி கொடுக்க ஆயிரக்கணக்கான வீரர்களையும் நூற்றுக்கணக்கான வாகனங்களையும் வெளியே இறக்க வேண்டியதில்லை. படைகளைச் சிமுலேஷனில் ஓட்டிவிட்டு, தலைமையக அதிகாரிகளை அவர்களுடைய சொந்தக் கட்டளை அமைப்பின், அதாவது நிலைமையைப் பார்த்து ஆணை அனுப்பும் மென்பொருளின், திரைகளின் முன் உட்கார வைத்தால் போதும். போரில் எந்தத் திரையைப் பார்ப்பார்களோ அதே திரையில் பழக வேண்டும் என்பதுதான் நோக்கம். திட்டங்களை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கவும், புதிய கட்டளை மென்பொருளைச் சோதிக்கவும் இதே இணைப்பு உதவும்.

இணைப்பு இல்லாவிட்டால் சிமுலேஷன் திரையைப் பார்த்து ஒருவர் கட்டளை அமைப்பில் தட்டச்சு செய்வார். அங்கிருந்து வரும் ஆணையை இன்னொருவர் படித்து, சிமுலேஷனில் மௌஸால் படைகளை நகர்த்துவார். ஆள் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். தட்டச்சு செய்பவரின் தாமதத்தைத் தலைமையகம் போர்க்களத்தின் தாமதம் என்று எடுத்துக்கொள்ளும். அது தவறான பாடம்.

இங்கே ஏஜென்ட் என்றால் என்ன? சாதாரண கேட்வே போதாதா?

கேட்வே ஒரு வடிவத்தில் வரும் செய்தியை இன்னொரு வடிவத்துக்கு மாற்றி அனுப்பிவிட்டு, அதை மறந்துவிடும். ஏஜென்ட் மறப்பதில்லை. யாருக்கு எதை எப்போது சொன்னோம், அதை எந்த ஆதாரத்தில் சொன்னோம் என்று கணக்கு வைத்திருக்கும். யாரும் கேட்காமலே தானாக ஒரு வேலையைத் தொடங்கும், இன்னொரு ஏஜென்டோடு பேசி முடிவெடுக்கும், செய்ய முடியாத ஆணைக்கு ‘முடியாது, காரணம் இது’ என்று பதில் சொல்லும்.

இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். சிமுலேஷன் ‘இந்த டாங்கி இங்கே இருக்கிறது’ என்று வினாடிக்குப் பலமுறை சொல்லும். தலைமையகத்துக்கு வேண்டியதோ ‘பி கம்பெனி ஆற்றைக் கடந்துவிட்டது’ என்ற ஒரே வரி. முதல் செய்தியிலிருந்து இரண்டாவதை எடுக்க எந்த வடிவமாற்ற அட்டவணையும் உதவாது. 14 டாங்கிகளையும் நினைவில் வைத்து, அவை எந்தக் கம்பெனி என்று தெரிந்து, பாதிக்கு மேல் கடந்ததா என்று பார்த்து, இதை ஏற்கெனவே சொல்லிவிட்டோமா என்றும் சரிபார்க்க வேண்டும்.

ஏஜென்ட் தேவையே இல்லாத இடம் உண்டா?

உண்டு. வரைபடத்தில் விமானங்களின் நிலையை ஒருவழியாகக் காட்டினால் போதும் என்றால் கேட்வே போதும். ஏஜென்ட் வைப்பது வீண் வேலை. ஆணை கீழே போக வேண்டும், வாகனங்களைப் படைப்பிரிவாகத் தொகுக்க வேண்டும், உளவுத் தகவலை வடிகட்ட வேண்டும் என்று வரும்போதுதான் ஏஜென்ட் தன் செலவை ஈடுகட்டும்.

இரண்டு பக்கமும் எந்த மொழியில் பேசுகின்றன?

சிமுலேஷன் பக்கம் முக்கியமாக இரண்டு தரநிலைகள் உள்ளன. டிஐஎஸ் என்பது ஐஇஇஇ 1278. ஒவ்வொரு வாகனத்தின் நிலையையும் யுடிபி பாக்கெட்டாக நெட்வொர்க்கில் எல்லோருக்கும் தூவும் முறை இது. எச்எல்ஏ என்பது ஐஇஇஇ 1516. இதில் ஆர்டிஐ என்ற இடைமென்பொருள் நடுவில் நின்று, யார் எதை வெளியிடுகிறார்கள், யாருக்கு எது வேண்டும் என்று பார்த்து அனுப்பும், நேரத்தையும் நிர்வகிக்கும்.

கட்டளைப் பக்கம் ஒரே மொழி கிடையாது. வான்படைக்கும் கடற்படைக்கும் லிங்க் 16, தரைப்படைக்கு விஎம்எஃப், கையடக்கச் சாதனங்களுக்குக் கர்சர் ஆன் டார்கெட், முறைப்படியான செய்திகளுக்கு யுஎஸ்எம்டிஎஃப் அல்லது ஏடட்பி-3 என்று பல உண்டு. இரு பக்கத்துக்கும் பொதுவான மொழியாக, சிமுலேஷன் தரநிலைகளை வகுக்கும் எஸ்ஐஎஸ்ஓ அமைப்பு 2020-இல் வெளியிட்டது சி2சிம். புதிதாகத் தொடங்குபவர்கள் இதைத்தான் நடுமொழியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. நடுமொழி இல்லாமல் ஐந்து கட்டளை அமைப்புகளை நான்கு சிமுலேஷன்களோடு இணைத்தால் 20 மாற்றிகள் எழுத வேண்டும். நடுமொழி இருந்தால் ஒன்பது போதும்.

இது புதிய யோசனையா?

இல்லை. 1990-களின் நடுவில், அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி முகமையான டார்பாவின் சிமுலேஷன் திட்டங்களுக்காக மைட்டர் நிறுவனம் சிசிசில் என்ற மொழியை உருவாக்கியது. சிமுலேஷனுக்குள் இருக்கும் மென்பொருள் தளபதிகள் ஆணைகளையும் அறிக்கைகளையும் பரிமாறிக்கொள்வதற்கான மொழி அது. 1997 அக்டோபரில் நடந்த ஸ்டோ-97 பயிற்சியில், விமானிகள் போல முடிவெடுக்கும் டேக்ஏர்-சோர் ஏஜென்ட்கள் 48 மணி நேரம் சிமுலேஷனில் அமெரிக்கப் போர் விமானங்களைப் பறக்கவிட்டன. அவற்றின் அறிவுத்தளத்தில் 5,000-க்கும் மேற்பட்ட விதிகள் இருந்தன. அதே காலகட்டத்தில் டார்பாவின் கோஏப்ஸ் திட்டம், நெட்வொர்க்கில் சேவைகளை இணைக்கும் ஜினி தொழில்நுட்பத்தின் மேல் ஒரு ஏஜென்ட் கிரிட்டைக் கட்டியது. அதன்மீது நடந்த, பன்னாட்டுக் கூட்டணிப் படைகளுக்கான கோஏக்ஸ் சோதனைகள் 2002-இல் நிறைவுற்றன. கூட்டணி நாட்டு ஏஜென்ட் ஒன்று வளங்களை அளவுமீறி விழுங்கினால் அதை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று அதிலேயே சோதித்துக் காட்டினார்கள். இன்றைக்கும் பலர் விட்டுவிடும் விஷயம் அது. எந்த ஏஜென்டுக்கும் வினாடிக்கு இத்தனை செய்திதான் என்ற வரம்பு இருந்தாக வேண்டும்.

பிறகு நேட்டோவின் எம்எஸ்ஜி-048, 085, 145 குழுக்கள் அடுத்தடுத்து உழைத்தன. 2008-இல் தொடக்கப் படைநிலையை விவரிக்கும் எம்எஸ்டிஎல், 2014-இல் ஆணைகளுக்கும் அறிக்கைகளுக்குமான சி-பிஎம்எல், இரண்டையும் ஒன்றாக்கி 2020-இல் சி2சிம் வந்தன.

எத்தனை ஏஜென்ட்கள் வேண்டும்?

ஒரே பெரிய ஏஜென்ட் எழுதாதீர்கள். அது விழுந்தால் எல்லாம் விழும். நடைமுறையில் ஆறு வேலைகள் உண்டு. முதலாவது, டிஐஎஸ் அல்லது எச்எல்ஏ-யைக் கேட்டு, வாகனங்களின் தற்போதைய நிலையை வைத்திருக்கும் கவனிப்பு ஏஜென்ட். அடுத்தது வாகனங்களைப் பிளட்டூன், கம்பெனி என்று சேர்க்கும் தொகுப்பு ஏஜென்ட். யாருக்கு எது தெரியலாம் என்று முடிவு செய்வது வடிகட்டும் ஏஜென்ட். ஒவ்வொரு கட்டளை அமைப்புக்கும் அதனதன் மொழியில் எழுத ஓர் அறிக்கை ஏஜென்ட். மேலிருந்து வருவதைப் பிரித்துச் செய்ய வைப்பது ஆணை ஏஜென்ட். ஆறாவது, மற்ற ஐந்தும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் காவல் ஏஜென்ட். எந்த வாகனம் எந்தப் படைப்பிரிவு என்ற அடையாள அட்டவணை மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாக டேட்டாபேஸில் இருக்கட்டும்.

ஒரு நிலை அறிக்கை மேலே போகும் வழியைக் காட்ட முடியுமா?

ஒரு டாங்கியின் நிலையைச் சொல்லும் டிஐஎஸ் பாக்கெட், அதாவது என்டிட்டி ஸ்டேட் பாக்கெட், வருகிறது என்று வைத்துக்கொள்வோம். துணை உறுப்புகளின் விவரம் இல்லாவிட்டால் அதன் நீளம் 144 பைட். உள்ளே தளம், செயலி, பொருள் என்று மூன்று 16-பிட் எண்கள் சேர்ந்து அதன் அடையாளம். வகைக் குறியீடு 1.1.225.1.1 என்று தொடங்கினால், அது வாகனம், தரை, அமெரிக்கா, டாங்கி, எம்1 என்று படிக்க வேண்டும். படை எண் 1 என்றால் நம்மவர், 2 என்றால் எதிரி.

இடம் பூமியின் மையத்திலிருந்து மீட்டரில், மூன்று 64-பிட் எண்களாக இருக்கும். இதை ஒருபோதும் 32-பிட் எண்ணில் வாங்காதீர்கள். 64 லட்சம் மீட்டர் அளவில் 32-பிட் மிதவை எண்ணின் மிகச் சிறிய படி அரை மீட்டர். நின்றுகொண்டிருக்கும் டாங்கி திரையில் நடுங்கினால் முதலில் இதைத்தான் தேட வேண்டும்.

அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றிய பிறகு, வாகனத்தின் பெயர்க்குறியான 11 எழுத்து மார்க்கிங் புலத்தைப் படித்து, அது எந்தக் கம்பெனி என்று அட்டவணையில் பார்க்க வேண்டும். மூன்று எண் அடையாளத்தை நம்பி அட்டவணை கட்டினால், சிமுலேஷனை மறுபடி தொடங்கும்போது எண்கள் மாறி எல்லாம் குழம்பும். மார்க்கிங்கை அப்படி மாறாமல் பயிற்சிக் கதையின் தரவிலேயே நிலையாக வைத்துக்கொள்ளலாம்.

பின்பு தொகுத்து, வடிகட்டி, தேவையான போது மட்டும் அறிக்கை அனுப்ப வேண்டும். எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 வாகனங்கள் எதுவுமே நகராமல் நின்றாலும், ஒவ்வொன்றும் 5 வினாடிக்கு ஒருமுறை தன் நிலையைச் சொல்லும் இயல்பான துடிப்புக்கே வினாடிக்கு 1,000 பாக்கெட் வரும். 14 வாகனத்துக்கு ஒரு கம்பெனி என்று தொகுத்தால் சுமார் 357 கம்பெனிகள். நிமிடத்துக்கு ஓர் அறிக்கை என்றால் வினாடிக்கு ஆறு செய்தி. கட்டளை அமைப்பு தாங்கக்கூடிய சுமை அது.

தொகுப்பதில் எங்கே தவறு நடக்கும்?

முதல் தவறு, சராசரி. 14 டாங்கிகளில் ஒன்று பழுதாகி 20 கிலோமீட்டர் பின்னால் நின்றால், கம்பெனியின் சராசரி இடம் 1.4 கிலோமீட்டர் பின்வாங்கும். இடைநிலை மதிப்பை எடுங்கள். அது ஒற்றை விலகலுக்கு அசையாது.

இரண்டாவது, அழிந்த வாகனங்கள். அழிந்த டாங்கியும் சிமுலேஷனில் பாக்கெட் அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். பாலத்தில் எட்டு டாங்கிகள் எரிந்துபோய், மீதி ஆறு ஐந்து கிலோமீட்டர் முன்னேறியிருந்தாலும், இடைநிலை மதிப்பு பாலத்திலேயே நிற்கும். தோற்றப் புலத்தில் உள்ள சேத பிட்களைப் பார்த்து, மதிப்பு 3 (அழிந்தது) ஆக இருப்பவற்றை இடக் கணக்கிலிருந்து நீக்குங்கள். பலக் கணக்கில் மட்டும் இழப்பாகக் காட்டுங்கள்.

மூன்றாவது, திசை. 350 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் நேரடிச் சராசரி 180, அதாவது கம்பெனி நேர் எதிர்த்திசையில் ஓடுவதாக அறிக்கை போகும். சைன், கொசைன் கூட்டி எடுத்தால் தீரும்.

சிமுலேஷனுக்கு எல்லாம் தெரியும். தலைமையகத்துக்கு எவ்வளவு சொல்லலாம்?

முழு இணைப்பிலும் இதுதான் அதிகம் யோசிக்க வேண்டிய இடம். எதிரி டாங்கி காட்டுக்குள் ஒளிந்திருந்தாலும் அதன் துல்லியமான இடம் நெட்வொர்க்கில் வந்துகொண்டே இருக்கும். அதை அப்படியே தலைமையகத் திரையில் காட்டினால் உளவு அதிகாரிக்கு வேலையே இல்லை. உளவுக் குழுவை அனுப்பாமலே எதிரியைப் பார்த்துப் பழகியவர் உண்மையான களத்தில் குருடராவார்.

ஆகவே எதிரியைப் பற்றிய எந்த அறிக்கையும் ‘யார் பார்த்தார்கள்’ என்ற பதில் இல்லாமல் மேலே போகக் கூடாது. வடிகட்டும் ஏஜென்ட், எதிரிப் பொருள் ஒவ்வொன்றுக்கும் எந்த நம்மவர் அலகு (படைப்பிரிவு), எந்த உணர்கருவியால், எப்போது கண்டது என்று பதிவு வைக்க வேண்டும். சிமுலேஷனே கண்டறிதல் நிகழ்வைத் தந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தராவிட்டால் தூரம், பார்வைக் கோட்டை வைத்து ஏஜென்டே கணக்கிடலாம். ஆனால் நிலவரைவுத் தரவு சிமுலேஷனில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் மலைக்கு அப்பால் இருப்பதை ஏஜென்ட் ‘பார்த்துவிடும்’.

கண்ட பிறகும் எல்லாம் தெரியாது. தொலைவில் தெரிந்தது ‘கவச வாகனம்’ என்ற அளவில்தான் போக வேண்டும், மாடல் எண்ணோடு போகக் கூடாது. இடத்தோடு பிழை வட்டமும் சேர வேண்டும். கர்சர் ஆன் டார்கெட்டில் அதற்கு சிஇ என்ற புலம் உண்டு. தெரியாவிட்டால் 9999999.0 என்று போடுவது மரபு. அங்கே சுழியம் போட்டால், தவறே இல்லாத துல்லியம் என்று பொருளாகிவிடும்.

பார்வையிலிருந்து மறைந்தால் என்ன செய்வது? உடனே திரையிலிருந்து அழிக்காதீர்கள். கடைசியாகக் கண்ட இடமும் நேரமும் நிற்கட்டும், அது பழசாகிவிட்டதைக் கட்டளை அமைப்பே காட்டட்டும். அதற்காகத்தான் ஸ்டேல் என்ற காலாவதி நேரப் புலம் இருக்கிறது.

ஆணை கீழே வரும்போது என்ன நடக்கிறது?

சி2சிம் ஆணையில் யார், என்ன, எங்கே, எப்போது, எதற்காக என்ற ஐந்தும் தனித்தனிப் புலங்களாக இருக்கும். செய்தித் தலைப்பில் இது வேண்டுகோளா, தகவலா, ஒப்புதலா, மறுப்பா என்று சொல்லும் புலம் ஒன்றும் உண்டு. ஏஜென்ட் உலகில் தரநிலைகளுக்கான எஃப்ஐபிஏ அமைப்பு வகுத்த பேச்சுச் செயல்களின் வழி வந்தது அது. உரையாடல் எண்ணும், எந்தச் செய்திக்குப் பதில் என்ற எண்ணும் கூடவே வரும். இவற்றை நிரப்பாமல் விடுவது பரவலான சோம்பல். இவை இருந்தால்தான் ‘என் ஆணை என்ன ஆயிற்று’ என்ற கேள்விக்குப் பதில் இருக்கும்.

ஆணை ஏஜென்ட் செய்ய வேண்டிய வரிசை இது:

1. செய்தி எண் ஏற்கெனவே வந்ததா என்று பார்த்தல். ஒரே ஆணை இரண்டு முறை வருவது சாதாரணம்.
2. செய்தியின் கட்டமைப்பு விதிகளான எக்ஸ்எம்எல் ஸ்கீமாவோடு சரிபார்த்தல்.
3. அலகின் யுயுஐடி (தனித்த அடையாள எண்) சிமுலேஷனில் உள்ளதா, இடம் நிலவரைவின் எல்லைக்குள் உள்ளதா, நேரம் கடந்துவிட்டதா என்று பார்த்தல்.
4. உடனே ஒப்புதல் அல்லது காரணத்தோடு மறுப்பு அனுப்புதல்.
5. ஆணையைச் சிமுலேஷன் அறிந்த அடிப்படைச் செயல்களாகப் பிரித்தல்.
6. முன்னேற்றத்தைக் கவனித்து, முடிந்ததும் பணிநிலை அறிக்கை அனுப்புதல்.

ஐந்தாவது படிதான் கடினம். ‘குன்று 204-ஐக் கைப்பற்று’ என்று ஆணை வரும். சிமுலேஷனுக்குத் தெரிந்ததோ வழியில் நகர், சுடு, நில் என்ற மூன்றுதான். கைப்பற்றுதல் எப்போது முடிந்தது? குன்றின் எல்லைக்கோட்டுக்குள் உயிருள்ள எதிரி யாரும் இல்லை, கம்பெனியில் பாதிக்கு மேல் உள்ளே பத்து நிமிடம் நிற்கிறது என்று அளக்கக்கூடிய விதியாக எழுத வேண்டும். அந்த விதியைப் புரோகிராமர் தனியாக முடிவு செய்யக் கூடாது. பயிற்சி நடத்தும் ராணுவ அதிகாரியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் எழுதி ஒப்புதல் வாங்குங்கள். கைப்பற்றுதல், ஆக்கிரமித்தல், பாதுகாத்தல் ஆகிய மூன்றுக்கும் ராணுவத்தில் வெவ்வேறு பொருள். மூன்றையும் ‘அங்கே போய் நில்’ என்று மாற்றும் ஏஜென்ட், பொருளைத் தொலைத்துவிட்டு வடிவத்தை மட்டும் காப்பாற்றுகிறது.

மறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. செய்ய முடியாத ஆணையைச் சத்தமில்லாமல் விழுங்கும் ஏஜென்டைவிட ஆபத்தானது வேறில்லை. கம்பெனி நகராது, தளபதி காத்திருப்பார், பயிற்சி அரைமணி நேரம் வீணாகும். பிறகு லாகைத் தோண்டினால், ஆணையில் இடத்தைக் குறித்த பலகோணத்தில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும். ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவு வடிவம் தீர்க்கரேகையை முதலில் வைக்கும், பல கட்டளை அமைப்புகள் அட்சரேகையை முதலில் வைக்கும்.

திருத்த ஆணை வந்தால் மாறிய பணிகளை மட்டும் ரத்து செய்யுங்கள். முழுதும் அழித்துப் புதிதாகத் தொடங்கினால், சண்டையின் நடுவில் இருக்கும் கம்பெனி துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நிற்கும்.

நேரத்தில் என்ன சிக்கல்?

டிஐஎஸ் நேரமுத்திரையில் தேதியும் இல்லை, மணியும் இல்லை. மணி தொடங்கியதிலிருந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது மட்டும் 31 பிட்டில் இருக்கும். அந்த எண்ணின் ஒரு படி சுமார் 1.676 மைக்ரோவினாடி. மிச்சமுள்ள கடைசி பிட் 1 என்றால் கடிகாரம் ஒத்திசைக்கப்பட்டது, 0 என்றால் நம்ப முடியாது.

இதனால் வரும் பிழையைப் பாருங்கள். 10:59:59.9-க்குப் புறப்பட்ட பாக்கெட், 11:00:00.1-க்கு வந்து சேர்கிறது. ஏஜென்ட் இப்போதைய மணியான 11-ஐச் சேர்த்து 11:59:59.9 என்று எழுதுகிறது. கட்டளை அமைப்பு அதையே புதிய தகவலாக வைத்துக்கொண்டு, அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அந்த அலகிலிருந்து வரும் எல்லா அறிக்கைகளையும் ‘பழசு’ என்று தள்ளிவிடும். சரியாக மணி திரும்பும்போது சில அலகுகள் உறைந்துபோனால் காரணம் இதுவே. இப்போதைய நேரத்தோடு வித்தியாசம் 30 நிமிடத்துக்குள் வரும்படி மணியைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது.

பயிற்சியின் கதைத் தேதி வேறாக இருப்பது அடுத்த தலைவலி. சர்வர் கடிகாரத்தையே ஆறு மாதம் முன்னே தள்ளினால், இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் சான்றிதழ்கள் காலாவதியாகி, அமைப்புகள் ஒன்றோடொன்று பேச மறுக்கும். கடிகாரத்தைத் தொடாமல் ஏஜென்டில் ஒரு நிலையான வித்தியாசத்தைக் கூட்டிக் கழிப்பதே நல்லது. நேரப் புலங்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். குறிப்புப் பகுதியில் யாரோ வாக்கியமாக எழுதிய நேரம் மாறாது என்பதைப் பயிற்சியாளர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

எச்எல்ஏ-யில் நேர நிர்வாகம் பயன்படுத்தினால், ஏஜென்டை நேரத்துக்குக் கட்டுப்படும் உறுப்பினராக மட்டும் சேருங்கள். மற்றவர்களின் நேரத்தை நெறிப்படுத்தும் உறுப்பினராகச் சேர்த்துவிட்டு ஏஜென்ட் தொங்கினால், அடுத்த நேரத்துக்கு அனுமதி கிடைக்காமல் இணைந்திருக்கும் சிமுலேஷன்களின் முழுக் கூட்டமைப்பும் நின்றுவிடும். கட்டளை அமைப்புகள் சுவர்க் கடிகாரத்தில் ஓடுபவை. இருமடங்கு வேகத்தில் சிமுலேஷனை ஓட்டி அவற்றோடு இணைக்கலாம் என்ற ஆசை வேண்டாம்.

ஹெலிகாப்டர் கடலுக்கு அடியில் தெரிகிறது. ஏன்?

உயரத்தை எங்கிருந்து அளக்கிறோம் என்பதில் குழப்பம். பூமியின் மையத்திலிருந்து அளந்த இடத்தை மாற்றிக் கிடைப்பது, பூமியின் வடிவமாக எடுத்துக்கொள்ளும் டபிள்யுஜிஎஸ்-84 நீள்வட்டக் கோளத்துக்கு மேலான உயரம். பல கட்டளைத் திரைகள் எதிர்பார்ப்பது கடல்மட்டத்துக்கு மேலான உயரம். இரண்டுக்கும் வித்தியாசம் உலகில் சுமார் −106 மீட்டரிலிருந்து +85 மீட்டர் வரை போகும். மிகத் தாழ்ந்த இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடலுக்கு 50 மீட்டர் மேலே பறக்கும் ஹெலிகாப்டரின் கோள உயரம் −56 மீட்டர். இந்த வித்தியாசத்தைத் தரும் இஜிஎம்-96 அட்டவணையைக் கொண்டு திருத்திவிட்டு அனுப்புங்கள். கர்சர் ஆன் டார்கெட்டுக்கு மட்டும் திருத்தம் வேண்டாம், அதன் உயரப் புலமே கோள உயரம்தான்.

சிமுலேஷன் தகவல் உண்மைத் தகவலோடு கலந்துவிடாமல் எப்படிக் காப்பது?

போலி எதிரியை உண்மை என்று யாராவது நம்பினால் உயிர் போகும். இதில் சமரசம் இல்லை.

அமெரிக்க ராணுவ வரைபடச் சின்னங்களுக்கான மில்-எஸ்டிடி-2525டி குறியீட்டை எடுத்துக்கொள்வோம். 10231000151205000000 என்ற 20 இலக்கங்கள், சிமுலேஷனில் உள்ள நம்மவர் கவசக் கம்பெனியைக் குறிக்கின்றன. முதல் இரண்டு இலக்கம் பதிப்பு. மூன்றாவது இலக்கம் 2 என்பதால் இது சிமுலேஷன். அது 1 ஆக இருந்தால் பயிற்சி, 0 ஆக இருந்தால் நிஜம். நான்காவது இலக்கம் 3 என்பது நம்மவர். அடுத்த 10 தரைப்படை அலகு, பின்னால் வரும் 15 கம்பெனி அளவு, 120500 கவசப்படை. போலிக்கும் நிஜத்துக்கும் நடுவில் நிற்பது அந்த ஒற்றை இலக்கம்தான். பல பழைய மாற்றிகள் அதைப் படிக்காமலே 0 என்று எழுதி அனுப்பிவிடும்.

ஆகவே அறிக்கை ஏஜென்டின் கடைசி வாசலில் ஒரு சோதனை வையுங்கள். சிமுலேஷனில் பிறந்த செய்தியில் அடையாளம் இல்லாவிட்டால் அது வெளியே போகவே கூடாது. எச்சரித்துவிட்டு அனுப்புவது போதாது. லிங்க் 16-இலும் சிமுலேஷன், பயிற்சி இரண்டுக்கும் தனிக் குறிகள் உண்டு. நெட்வொர்க்கையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதனால் குறியைக் காக்கும் கடமை தளர்ந்துவிடாது.

இதே குடும்பத்துப் பிழை இன்னொன்று, எதிரொலி. உண்மையான ரோந்து வாகனம் கட்டளை அமைப்பிலிருந்து சிமுலேஷனுக்குள் நுழைகிறது. கவனிப்பு ஏஜென்ட் அதைச் சிமுலேஷன் வாகனம் என்று நினைத்து மேலே அனுப்புகிறது. திரையில் ஒன்று இரண்டாகிறது. உள்ளே செலுத்தும் எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு தள எண்ணையும் செயலி எண்ணையும் ஒதுக்குங்கள், அவற்றிலிருந்து வருவதை மேலே அனுப்பாதீர்கள்.

வெவ்வேறு ரகசிய நிலைகளில் இருக்கும் அமைப்புகளை இணைக்கலாமா?

ஏஜென்டை நம்பி இணைக்கக் கூடாது. நடுவில் செய்திகளைச் சோதித்து அனுமதிக்கும், அங்கீகரிக்கப்பட்ட காவல் சாதனம் வேண்டும். அது சரிபார்க்க எளிதாக இருக்கும்படி, செய்திகளில் தன்னிச்சையான உரைப் புலங்களை நீக்கி, அனுமதித்த மதிப்புகளின் பட்டியலுக்குள் அடக்குங்கள்.

பயிற்சி நடுவில் ஏஜென்ட் விழுந்தால்?

விழும் என்று வைத்துக்கொண்டே கட்டுங்கள். அடையாள அட்டவணை, ஏற்ற ஆணைகள், கடைசியாகச் சொன்ன அறிக்கைகள் மூன்றும் மாறிய உடனே டிஸ்கில் எழுதப்பட வேண்டும். எழுந்ததும் ஏஜென்ட் பேசத் தொடங்கக் கூடாது. டிஐஎஸ்-இல் ஒரு பொருள் 12 வினாடி பேசாவிட்டால் அது போய்விட்டது என்பது இயல்பான கணக்கு. அதனால் எழுந்த பின் குறைந்தது 12 வினாடி கேட்டுவிட்டு, யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தபின் அறிக்கை அனுப்பட்டும். பொறுமையில்லாத ஏஜென்ட், முதல் வினாடியில் மூன்று டாங்கிகளை மட்டும் பார்த்துவிட்டு ‘கம்பெனியின் பலம் 3’ என்று அனுப்பும். அடுத்த நிமிடம் தலைமையகம் உதவிப்படையை நகர்த்தும்.

எந்தத் தளத்தில் எழுதுவது?

ஜாவா தெரிந்த குழு என்றால் ஜேட் பழகிய தளம். எஃப்ஐபிஏ செய்தி முறை அதிலேயே இருக்கிறது. மனிதத் தளபதி போல முடிவெடுக்கும் நடத்தை வேண்டுமென்றால் டேக்ஏர்-சோரின் அடித்தளமான சோர். ஆனால் விதிகளை எழுதும் உழைப்பு பெரிது. பல இணைப்புகளுக்குச் செய்தி வரிசை சர்வர் ஒன்றும், தெளிவான நிலைமாற்ற அட்டவணையோடு எழுதிய சில சிறு செயலிகளும் போதும்.

பெரிய மொழி மாதிரிகளைப் பயன்படுத்தலாமா?

ஒரே ஓர் இடத்தில் அவை நன்றாக உதவும். வாக்கியமாக எழுதிய ஆணையை சி2சிம் வடிவத்துக்கு வரைவாக மாற்றிக் கொடுப்பதில். அந்த வரைவு ஸ்கீமாவில் தேறி, மனிதர் ஒருவர் பார்த்துச் சரி என்ற பிறகே கீழே போக வேண்டும். தொகுப்பது, நேரம் கணக்கிடுவது, சிமுலேஷன் என்ற அடையாளத்தைக் காப்பது போன்ற வேலைகளுக்கு அவற்றைக் கொண்டுவராதீர்கள். ஒரே உள்ளீட்டுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வர வேண்டிய இடங்கள் அவை.

எங்கிருந்து தொடங்குவது, எப்படிச் சோதிப்பது?

ஒரு பிளட்டூன், நான்கு டாங்கிகள், ஒரே கட்டளைத் திரை. முதலில் நிலை அறிக்கை மேலே போகட்டும். அது சரியான பின் ‘இங்கே போ’ என்ற ஒரே ஆணை. ஒப்புதலும் பணி முடிந்த அறிக்கையும் திரும்பி வரும்வரை இரண்டாவது ஆணை வகையைத் தொடாதீர்கள்.

சிமுலேஷன் பாக்கெட்களைப் பத்து நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவில் மணி திரும்பும் தருணம், ஒரு வாகனம் அழிவது, ஒன்று மறைந்து திரும்புவது, சிமுலேஷன் மறுதொடக்கம் எல்லாம் இருக்க வேண்டும். ஏஜென்டுக்குப் போலிக் கடிகாரம் கொடுத்து அந்தப் பதிவை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டி, வெளியே போகும் செய்திகளை முந்தைய ஓட்டத்தோடு பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். வேறுபாடு வந்து, அதற்குக் காரணம் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பதிப்பைப் பயிற்சிக் கூடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.